பொறி காலியாக இருந்த வருஷம்

சிப்பம் கட்டும் கொட்டகை,
செவ்வாய், பிற்பகல்

மதிப்பிற்குரியவருக்கு,

பதினோரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன். அது போதும். இனியும் பேசாமல் இருந்தால் அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி ஒரு தவறான எண்ணத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். தங்கையும் அவள் பெண்ணும் நன்றாக இருப்பதாக அவர் இவர் சொல்லிக் காதில் விழுகிறது. நான் நலம். முட்டி வலிக்கிறது. படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. சீப்புக்கு வேலை குறைந்துவிட்டது. கல்லூரியில் என் தலைமுடியைப் பற்றி நீங்கள் அடித்த கேலிகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இதை நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சர் எழுதச் சொன்னார். ஓடைப் பக்கம் இரண்டு ஏக்கரில் திராட்சை வைத்திருக்கும் அதே டீச்சர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மிரட்டியது போக மிச்சமிருக்கும் குரலில் இப்போது எங்களை மிரட்டுகிறார். இந்தச் சரிவில் கொடி வைத்திருக்கும் முப்பத்தொரு பேரையும் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார். காரணம் பழைய காரணம்தான், குலைப் புழு. போன வருஷம் இந்தச் சரிவில் ஐந்து முறை மருந்து அடித்தார்கள். “அடிச்சு அடிச்சு நமக்குத்தான் மயக்கம் வருது, புழு நல்லாத்தான் இருக்கு” என்றார் டீச்சர்.

ஆகவே இந்த வருஷம் வாசனைக் குழல். ஆமாம், எந்தப் பெயரைச் சொன்னால் இந்தச் சரிவில் கல்லை எடுப்பார்களோ, அதே வாசனைக் குழல். உங்களுக்கே நான் பாடம் எடுக்கப் போவதில்லை. போன கூட்டத்தில் டீச்சர் எடுத்த பாடத்தை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

“பொம்பளைப் பூச்சி ஒரு வாசனையை விடும். அதைப் பிடிச்சுக்கிட்டே ஆம்பளைப் பூச்சி வந்து சேரும். அதே வாசனையைச் செஞ்சு, குழல்ல அடைச்சு, தோட்டம் முழுக்கத் தொங்க விட்டுட்டோம்னா அவனுக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. சுத்திச் சுத்திக் களைச்சுப் போவான். ஜோடி சேராது. முட்டை இல்ல, புழு இல்ல, அவ்வளவுதான்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “எங்க வீட்லயும் அதேதான் டீச்சர், நாலு பக்கமும் கூப்பிடுறாங்க, நான் எங்கயுமே போய்ச் சேர்றதில்ல” என்றார். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குழல் தொங்குவது என்றால் சரிவு முழுவதும் தொங்க வேண்டும். நடுவில் ஒரு நிலம் விட்டுப்போனால் அங்கே ஜோடி சேர்ந்த பெண் பூச்சிகள் பறந்து வந்து மற்றவர்கள் கொடியில் முட்டை வைக்கும். அந்த நடு நிலம் உங்களுடையது. சட்டப்படி என் தங்கையுடையது. குத்தகைக்கு எடுத்திருப்பவரை இங்கே எல்லோரும் ‘விசில்’ என்போம், மருந்து அடிக்கும்போதுகூட விசில் அடிப்பவர். அவரிடம் நான் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சொன்ன பதில்: “ஓனர் சொன்னா நாளைக்கே தொங்க விடுறேன் சார். நீங்க சொல்லி நான் ஈரத் துணியக்கூடத் தொங்க விட மாட்டேன்.”

போனில் கேட்டுவிடலாமே என்றார் டீச்சர். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். கொட்டகையில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தாயிற்று, ஆகவே மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாசனைக் குழலைப் பரிசோதிக்க வந்தபோது என் நிலத்து முகப்பில் ஒரு பலகை நட்டீர்கள். ‘பெரோமோன் பரிசோதனைத் திடல்’ என்று எழுதி, அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் உங்கள் பெயர், பட்டங்களோடு. அதற்கும் அடியில், பெயின்ட் மிச்சமிருந்ததால் எழுதியதுபோல, என் பெயர். பக்கத்தில் ‘கள உதவி’. நிலம் என் அப்பாவுடையது. இரண்டாம் ஆண்டில் உங்களைவிட ஒன்பது மதிப்பெண் கூட வாங்கியவன் நான். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தேன். நான் விட்ட இடத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். அதற்காக நான் உங்களைக் குறை சொன்னதே இல்லை. என் தங்கையைக் கட்டிக்கொண்டபோதும் சொல்லவில்லை. கல்லூரியில் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம், நீங்கள் ஒருவர்தான் அதை நிஜமாக்கிவிட்டீர்கள் என்று கல்யாணத்தில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் ‘கள உதவி’!

அடுத்து, என் கை லென்ஸ். பித்தளை வளையம் போட்டது, பத்து மடங்கு காட்டும். மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவல் வாங்கினீர்கள். இதுவரை திரும்பி வரவில்லை.

கடைசியாக, விசாரணை. நீங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்து இயக்குநருக்கு நான் உங்களைப் பற்றிப் புகார் எழுதினேன், மறுக்கவில்லை. பெயரும் பட்டமும் போட்டு, கையெழுத்தும் போட்டுத்தான் எழுதினேன், ஒளிந்துகொண்டு எழுதவில்லை. குழலின் வீரியத்தை நீங்கள் தப்பாகக் கணக்கிட்டீர்கள், நான் எச்சரித்தும் கேட்கவில்லை, உங்களை நம்பி மருந்து அடிப்பதை நிறுத்திய ஏழு பேரின் குலைகள் அழுகிப்போயின என்று எழுதினேன். பதில் சொல்லச் சொல்லி உங்களுக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். நீங்கள் எழுதியது ஒரே வரி. ‘சொல்வதற்கு ஒன்றுமில்லை.’ அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இரண்டு பக்கம் எழுதத் தெரியாதவரா நீங்கள்? நான் பதிலுக்குத் தகுதியில்லாதவன் என்றுதானே அந்த ஒரு வரி?

இவ்வளவுதான். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதல் பூச்சி பறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கும் என்று கணக்கு. நாளை டீச்சரிடம் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பேன்.


வியாழன், காலை

தபாலில் சேர்க்கவில்லை.

நேற்று மதியம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆறாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, மேசையோடு சேர்ந்தது. இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தோம். உள்ளே நுழைந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்கு யாராவது கைகொடுக்க வேண்டும், அப்படி ஒரு பெஞ்சு.

உங்களிடமிருந்து பதில் வாங்க எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னதும், மேல் தோட்டத்துக்காரர் ஒருவர் எழுந்தார். எழ முயன்றார். “அதிருக்கட்டும். அன்னைக்கு ஏன் தோத்துச்சு? அதைச் சொல்லிட்டு மறுபடி ஆரம்பிங்க” என்றார். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் குழல் போலி என்றார். இன்னொருவர் காற்று அதிகம் என்றார். விசில் என் பக்கம் கையைக் காட்டி, “அதான் சார் அன்னைக்கே எழுதிக் குடுத்தாரே. எல்லாம் அந்த மாப்பிள்ளை பண்ண கோளாறு. படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். சரியாத்தான் இருக்கும் என்று நாலைந்து தலைகள் ஆடின. பதினோரு வருஷமாக அந்தத் தலையாட்டலில்தான் நான் குடியிருக்கிறேன்.

டீச்சர் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். அந்த வருஷம் பரிசோதனைப் பதிவேட்டைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் நான்தான் கொடுத்தேன். அழுகிப்போன ஏழு தோட்டங்களில் ஒன்று டீச்சருடையது. அவர் அந்தத் தாளை வைத்திருந்தார். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார்.

குழல் தொங்கிய தேதி: 4.
பொறியில் முதல் பூச்சி: 5.

“பூச்சி பறக்கறதுக்கு முந்தின நாளே குழல் தொங்கியிருக்கு. தேதி சரி. எண்ணிக்கை சரி. எல்லாம் சரியா இருந்தும் தோத்துச்சுன்னா முறையே தப்புன்னுதான் அர்த்தம். முறை தப்புன்னா நாம பேசிக்கிட்டிருக்கறதுல பிரயோஜனம் இல்ல. எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம். மருந்தே அடிப்போம்” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் மாவைத் தட்டினார். நாலு பேர் உண்மையிலேயே எழுந்திருக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நாலாம் தேதி என் கையெழுத்தில் இருந்தது. தாளில் இருந்ததைத்தான் டீச்சர் பலகையில் எழுதினார். ஆனால் பலகையில் அது ஒரு முழ உயரத்துக்கு நின்றது.

நான் எழுந்தேன். முட்டி பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அரைகுறையாக நின்றபடி, “நாலு இல்ல. பதிமூணு” என்றேன்.

சத்தம் அடங்கியது. விசிலும்.

இனிமேல் இந்த ‘நீங்கள்’ எனக்கு ஓடாது. கூட்டத்தில் அவர்களிடம் சொன்னதை உன்னிடம் சொல்கிறேன்.

நீ ஒன்றாம் தேதி நாலு பெட்டிக் குழல்களைக் கொண்டுவந்து இந்தக் கொட்டகையின் குளிர்ப்பெட்டியில் வைத்தாய். “துளிர் நகக்கண் அளவுக்கு வர்றதுக்குள்ள தொங்கிடணும் மச்சான். நாலாந்தேதியைத் தாண்டக் கூடாது. தாண்டினா தொங்க விடாமலே இருக்கலாம்” என்றாய். என்னை நம்பி ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பிப் போனாய். இரண்டாம் தேதி பலகை எழுதுபவன் வந்து பலகையை நட்டான்.

நான் அந்தப் பலகையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போனேன். ‘கள உதவி’தானே, உதவி எப்போது முடிகிறதோ அப்போது செய்வான் என்று நினைத்தேன். மூன்றாம் தேதி போகவில்லை. நாலாம் தேதியும் போகவில்லை. ஐந்தாம் தேதி, பூச்சி வருகிறதா என்று பார்க்க அதே வாசனையைத் தடவி வைத்திருந்த பசைப் பொறியில் முதல் ஆண் பூச்சி ஒட்டிக்கிடந்தது. அதைப் பார்த்தும் போகவில்லை. நீ போனில் கேட்டபோது, “எல்லாம் தொங்கியாச்சு” என்றேன். அப்புறம் அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிமூன்றாம் தேதி பயம் பிடித்து, ஆள் வைத்து ஒரே நாளில் தொங்கவிட்டேன். பதிவேட்டில் நாலு என்று எழுதினேன்.

பதினாலாம் தேதியிலிருந்து பொறிகள் காலி. ஒரு பூச்சி இல்லை. அடுத்த வாரமும் காலி. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? தப்பித்தோம் என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கூட்டி வந்து காலிப் பொறியைத் திறந்து திறந்து காட்டினேன். மருந்து அடிக்கத் தயாராக இருந்த ஏழு பேர் அதைப் பார்த்து, சரிவில் பூச்சியே இல்லை என்று நம்பித்தான் அடிக்காமல் விட்டார்கள். உன்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

நீ போனில் சொன்னாய்: “பொறி காலியா இருந்தா சந்தோஷப்படாதே மச்சான். தோட்டம் முழுக்க வாசனை இருக்கறப்ப ஆண் பூச்சிக்குப் பொறியும் தெரியாதுல்ல? பொறி காலியா இருக்கறது குழல் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும். பெண் பூச்சி அதுக்கு முன்னாடியே ஜோடி சேர்ந்துச்சான்னு பொறிக்கு எப்படித் தெரியும்? நூறு குலையைப் பிரிச்சு, முட்டை இருக்கான்னு பாரு.” பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்றேன். ஒரு குலையைக்கூட நான் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயம். அந்த நூறு குலைகளின் எண்ணிக்கையையும் இதே மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன்.

ஒன்பது நாள் போதும், மாப்பிள்ளை. வரவேண்டியவை எல்லாம் வந்து, சேர்ந்து, முட்டை வைத்துவிட்டுத்தான் போயிருந்தன.

இதைச் சொல்லி முடித்தபோது டீச்சர் பலகைக்குத் திரும்பி நாலை அழித்தார், பதிமூன்று என்று எழுதினார். “பதினோரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். குலை வெட்டுறப்ப எல்லாம் திட்டியிருக்கேன். அத்தனையையும் இனி உங்க பேருக்கு மாத்தணும். நேரமாகும்” என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது, ஆனால் அறை வாங்கியபின் வருகிற ஒரு நிம்மதியும் இருந்தது. குலை அழுகிப்போன ஏழு பேரில் ஒருவர் எழுந்து என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் குறை சொல்லாத முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

டீச்சர் கடைசியில் சொன்னார்: “அப்போ முறை தப்பில்ல. மனுஷன்தான் தப்பு. மனுஷனைச் சரி பண்ணிக்கலாம். கை தூக்குங்க.” இருபத்தாறு கைகள் உயர்ந்தன.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். குழல் தொங்கும் தேதியை நான் எழுதக் கூடாதாம். அவரே தோட்டம் தோட்டமாக வந்து பார்த்து, பள்ளிக்கூடத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதுவாராம். முப்பத்தொரு பெயருக்கும் ஒரே அளவு எழுத்து என்றும் சொன்னார். அதை எதற்காகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.


ஞாயிறு, காலை

மேலே எழுதியதை இன்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அதுவும் நான்தான். கிழித்துவிட்டு நல்லவனாக மட்டும் உன் முன்னால் வந்து நிற்பது இன்னொரு பொய்ப் பதிவேடு ஆகிவிடும்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த மூன்று நாளாக அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அந்த வருஷம் பத்தாம் தேதி தங்கை வந்தாள். அவளுடைய சான்றிதழ்கள் இங்கே அலமாரியில் இருந்தன, எடுத்துப் போக வந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் தண்ணீருக்காக இந்தக் கொட்டகையின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். நாலு பெட்டி. ஒட்டியிருந்த நாடா பிரியாமல். “அண்ணே, இதெல்லாம் இன்னும் தொங்க விடலையா?” என்று கேட்டாள். “அது மிச்சம். ஓரத்துல கூடுதலாக் கட்டணும்னு உன் புருஷன் அதிகமாக் குடுத்துட்டான்” என்றேன். அவள் பெட்டிகளையும் என்னையும் பார்த்தாள். தண்ணீரைக் குடித்தாள். கதவை மெதுவாக மூடினாள். என் தங்கை ஒரு விஷயத்தை நம்பாவிட்டால் கதவை மெதுவாகத்தான் மூடுவாள், சின்ன வயதிலிருந்தே.

விசாரணை நடந்த மாதத்தில் ஒருநாள் இந்தக் கொட்டகைக்குப் போன் செய்தாள். “அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அவள் குரலை நான் கேட்ட கடைசி முறை அதுதான். வெளியில் எல்லோரிடமும் வேறு விதமாகச் சொன்னேன்: புருஷனுக்காகச் சண்டை போட வந்தாள், அண்ணனைவிட அவளுக்கு அவன்தான் பெரிது என்று. சொல்லிச் சொல்லி நானே அதை நம்பினேன். அவள் கேட்க நினைத்தது எதுவென்று எனக்கு அப்போதே தெரியும். அந்த நாலு பெட்டி.

அவளுக்குத் தெரியுமென்றால் உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாத அவகாசம் இருந்தது. உன் மனைவி கண்ணால் பார்த்த சாட்சி. நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தால் நான் இந்தச் சரிவில் தலைகாட்டியிருக்க முடியாது. ஏழு குடும்பத்தின் குலைகளை அழுகவைத்தவன், அவளுடைய அண்ணன். நீ ஒரு வரி எழுதினாய். எழுதிவிட்டு, உன்னை எங்கே தூக்கிப் போட்டார்களோ அங்கே போனாய். அங்கிருந்து அந்தத் தூரத்து ஊருக்குப் போனாய். இப்போது தானியக் கிடங்கில் வண்டு எண்ணுவதாகச் சொல்கிறார்கள். நம் வகுப்பிலேயே அந்துப்பூச்சியின் முட்டையை வெறும் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான்.

அந்த ஒரு வரியைத் திமிர் என்று செவ்வாய்க்கிழமைகூட எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் முதல் வரியையும் இப்போது பார்க்கிறேன். பதினோரு வருஷம் பேசாமல் இருந்தேனாம். பேசாமல் இருந்தது நீ. நான் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தேன், எல்லோரிடமும், உன்னைத் தவிர.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினேன். பழைய இயக்குநர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது இருப்பவர் யாரோ. கோப்பு இருக்கும். குழல் தொங்கிய உண்மைத் தேதி, நான் எழுதிய பொய்த் தேதி, பிரித்துப் பார்க்காமலே எழுதிய நூறு குலைகள், எல்லாம் எழுதினேன். உன் கணக்கில் தவறு இல்லை, தவறு என்னுடையது என்று எழுதினேன். டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் சாட்சி போட்டார்கள். இத்துடன் அதன் பிரதி இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே என்ன செய்வார்கள், ஏதாவது செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. உன் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

இங்கே இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சனிக்கிழமை சிப்பக் கொட்டகையில் பயிற்சி. குழல்கள் வந்து சேரவில்லை, அதனால் கட்டுக்கம்பித் துண்டுகளை வைத்துப் பழகினோம். கம்பி வரிசையில் தோள் உயரத்தில், இலை நிழல் விழும் இடமாகப் பார்த்து, ஒரு முறுக்கு, அரை முறுக்கு. இறுக்கினால் கொடியை வெட்டும், தளர்த்தினால் காற்றில் விழும். நீ எனக்குக் காட்டிக் கொடுத்தது. கை மறக்கவில்லை. ஒருவர் ஐந்து நிமிஷம் போராடி ஒன்றைக் கட்டிவிட்டு, “இதுக்கு அந்த ஆம்பளைப் பூச்சியையே கூப்பிட்டுப் பேசி அனுப்பிடலாம்” என்றார். எதிர்பாராத விதமாக விசில் வந்தார். ஓரமாக நின்று பார்த்தார். “சும்மா பாக்கத்தான் வந்தேன், ஓனர் இன்னும் சொல்லலை” என்றார். போகும்போது சட்டைப் பையில் நாலு கம்பித் துண்டு இருந்தது.

என் சொந்த நிலத்தில் போன பருவத்தில் ஒரு வேலை செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்குப் பதிலாகச் சரியான தேதியில் குழல் கட்டி, பொறியை நம்பாமல் குலைகளைப் பிரித்துப் பார்த்தேன். நூறல்ல, முந்நூறு. கீழ் வரிசைகளில் முந்நூறுக்கு இரண்டு குலைதான் புழு. உங்கள் நிலத்தை ஒட்டிய ஆறு வரிசையில் மட்டும் மூன்றில் ஒன்று. அதாவது நீ அன்று சொன்னது அப்படியே நடக்கிறது. சரிவு முழுவதும் தொங்கினால் இந்தப் புழு இங்கே தலையெடுக்காது. நான் இப்படி நல்ல செய்தி எழுதிப் பல காலம் ஆகிறது, எழுத்து கோணலாக வருகிறது.

இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாள் பிடிக்கும். குத்தகைக்காரருக்கு ஒரு போன், ஒரு வார்த்தை போதும். என்னிடம் பேச வேண்டியதில்லை. தங்கையிடம் இதைப் படித்துக் காட்டு, அல்லது அவளே படிக்கட்டும். அவள் கேட்க நினைத்த ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: ஆமாம், தொங்க விடவில்லை. பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது இருக்கும். கொட்டகை வாசலில் செத்த பூச்சிகளை வரிசையாக வைத்து, இது அப்பா பூச்சி, இது மாமா பூச்சி, ரெண்டும் சண்டை என்று விளையாடுவாள். மாமா பூச்சி ஏன் எப்பவும் ஜெயிக்குது என்று நான் கேட்டதற்கு, “தோத்தா அதுதான் அழும்” என்றாள். அவள் நன்றாக இருக்கட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

பூ விரிந்து இரண்டாம் வாரத்தில் குலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முட்டை குண்டூசித் தலையைவிடச் சின்னது. எனக்குக் கண் தெரியவில்லை, மாப்பிள்ளை. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. போன பருவத்தில் வெறும் பூந்தாதுவை முட்டை என்று நினைத்து அரை மணி நேரம் கவலைப்பட்டேன். டீச்சருக்குப் பூச்சி தெரியாது, மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. இந்தச் சரிவில் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. என் லென்ஸ் உன்னிடம்தானே இருக்கிறது? அதைத் தபாலில் அனுப்பிவிடாதே. உடைந்துவிடும். கையில் எடுத்துக்கொண்டு வா.

மேல் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். ஜன்னல் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அதையும் பார்த்துவிடுகிறேன்.

இப்போது அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து உன் வாழ்க்கைக்குள் வந்தது ஒரே ஒரு முறை, அந்தப் புகாரின் அடியில், பட்டத்தோடு. ஊரில் பழி போடுகிறவர்கள் மொட்டைக் கடிதம் எழுதுவார்கள். நான் பழியைக் கையெழுத்தோடு அனுப்பியவன். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதியதில் முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது இருக்க வேண்டிய இடம் அங்கேதான். உன் வீட்டுக்குள் அது இன்னொரு முறை வர வேண்டாம்.

நாளை பதினொரு மணிக்குத் தபால்காரர் இந்தப் பக்கம் வருவார். உறையில் உன் முகவரி மட்டும் எழுதியிருக்கிறேன். இதை இப்படியே, கையெழுத்து இல்லாமல், அவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.